இறால் வாங்கப் போனால் ஐஸும் கையோடு இருக்கட்டும்

நாகப்பட்டினம், நெல்லூர் பக்கம் குளம் வெட்டி வளர்க்கிற வனாமி இறால் இப்போது நம் சந்தைக்கு நிறைய வருகிறது. உப்புத் தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் விப்ரியோ என்ற, நோய் தரக்கூடிய பாக்டீரியா அதிலும் இருக்கலாம். 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறுமீன் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தார்கள். விப்ரியோவில் ஒரு வகையான பாராஹீமோலிடிகஸ் என்ற கிருமியை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

சூடுதான் இதற்குத் தீனி. ஏற்ற வெப்பத்தில் பத்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாகும். அதனால் வெயிலில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலையாதீர்கள். ஐஸ் போட்டு வாங்கி, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தாலும் எல்லாக் கிருமியும் சாகாது. மஞ்சள் தடவுவதை மட்டும் நம்பவும் வேண்டாம். நன்றாக வெந்தால் செத்துவிடும்: சதையின் நடுப்பகுதி வரை கண்ணாடித்தன்மை போய் வெளுத்திருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது அரிவாள்மனையில்தான். இறால் ஆய்ந்த கையோடு அதிலேயே வெங்காயம், வெள்ளரி நறுக்காதீர்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு ஆயுங்கள். கல்லீரல் நோயாளிகள் வீட்டில் இருந்தால் அரைவேக்காட்டு இறாலை அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.