எதிர்காலத்துக்குத் தயாராகிறோம் என்று செய்யும் தவறுகள்

2016-இல் ஒரு கூட்டத்தில் பேசிய ஜெஃப்ரி ஹிண்டன், கதிரியக்க மருத்துவத்துக்குப் புதிதாக ஆட்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் வேலையை ஐந்து ஆண்டுகளில், அதிகம் போனால் பத்தில், கணினி மனிதரைவிட நன்றாகச் செய்துவிடும் என்பது அவர் கணக்கு. சொன்னவர் லேசுப்பட்டவர் இல்லை. இன்றைய ஏஐ-க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 2024-இல் இயற்பியல் நோபல் பரிசையும் வாங்கியவர். ஏஐ அந்தத் துறைக்குள் வந்தது உண்மைதான். ஆனால் மருத்துவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பல நாடுகளில் இன்றைக்கும் அந்தப் படிப்பு முடித்தவர்களுக்குத் தட்டுப்பாடுதான்.

அன்று அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வேறு துறைக்குத் தாவிய மாணவர் யாராவது இருந்திருந்தால், அவர் செய்ததுதான் நான் சொல்ல வரும் முதல் தவறு. "எந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கு?" என்று கேட்டு, கிடைத்த பதிலின் மேல் மொத்த வாழ்க்கையையும் பந்தயம் கட்டுவது. தொழில்நுட்பத்தை உருவாக்கியவரின் கணிப்பே தப்பும்போது, யூடியூபில் பேசுகிறவரின் கணிப்பு எம்மாத்திரம்?

பெரிய எண்களும் இங்கே கைகொடுக்காது. 2030-க்குள் உலகில் 17 கோடி புது வேலைகள் வரும், 9.2 கோடி வேலைகள் போகும் என்கிறது உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை. முதலாளிகளிடம் கேட்டுத் தயாரித்த மதிப்பீடு அது. அரசாங்கங்கள் திட்டம் போட உதவலாம். நாளை காலை நீங்கள் அலுவலகத்தில் போய் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

பதவிப் பெயரைப் பார்த்துப் பயப்படுவது

"இந்த வேலை இருக்குமா, போகுமா?" என்று கேட்கிறோம். வேலை அப்படி மொத்தமாக வருவதும் இல்லை, போவதும் இல்லை. அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பணிகள்தான் ஒவ்வொன்றாக இடம் மாறுகின்றன.

ஏடிஎம் வந்தபோது வங்கிக் கவுண்டர் ஊழியர்களின் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸன் கணக்கெடுத்திருக்கிறார். 1988-இல் ஒரு நகரக் கிளைக்குச் சராசரியாக 20 கவுண்டர் ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். 2004-இல் 13 பேர் போதுமானதாக இருந்தது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் நகரங்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் கிளைகளைத் திறந்தன. மொத்த ஊழியர் எண்ணிக்கை விழவில்லை. மாறியது உள்ளே இருந்த வேலை. பணம் எண்ணுவது குறைந்து, வாடிக்கையாளரிடம் பேசுவதும் கடன், கார்டு பற்றி விளக்குவதும் கூடியது. அந்தப் பதவி உண்மையிலேயே சரியத் தொடங்கியது 2010-க்குப் பிறகு, வங்கியே கைப்பேசிக்குள் வந்தபோது. பயந்த இயந்திரம் ஒன்று, பாதித்த இயந்திரம் வேறொன்று.

எனவே பதவிப் பெயரை விட்டுவிட்டு உங்கள் நாட்காட்டியைத் திறங்கள். போன இரண்டு வாரத்தில் நேரம் எதில் போனது என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை மூன்று எக்செல் கோப்புகளைத் திறந்து, எண்களை நான்காவது கோப்பில் ஒட்டி, கலர் போட்டு, மேனேஜருக்கு அனுப்பினீர்கள். மூன்று மணி நேரம். அப்படி ஒட்டும்போது ஒரு எண் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தது. விற்பனைப் பிரிவுக்குப் போன் போட்டு விசாரித்தீர்கள். ஒரு பெரிய வாடிக்கையாளர் சத்தமில்லாமல் ஆர்டரைப் பாதியாகக் குறைத்திருப்பது தெரிய வந்தது. பத்து நிமிடம். அந்த மூன்று மணி நேரம் எப்போது வேண்டுமானாலும் போய்விடும், போகட்டும். அந்தப் பத்து நிமிடம் வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்பதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வரவே இல்லை என்றால் உங்கள் பதவிப் பெயர் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் கவலைப்படலாம்.

சான்றிதழ் சேகரிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பயம் வந்ததும் கை தானாக ஏதாவது ஆன்லைன் கோர்ஸைத் தேடிப் போகிறது. கற்பது நல்லதுதான். ஆனால் கற்றதை அடுத்த மாதத்துக்குள் உண்மையான ஒரு வேலையில் பயன்படுத்தவில்லை என்றால் அது ஏட்டுச் சுரைக்காய். இண்டர்வியூவில் "இதை எங்க பண்ணீங்க?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேனேஜர் ஆவதுதான் மேலே போவது என்று நினைப்பது

இந்தத் தவறில் தனிமனிதருக்குப் பாதி, நிறுவனத்துக்குப் பாதி. யார் வேலையை நன்றாகச் செய்கிறாரோ அவரை மேனேஜர் ஆக்குவது வழக்கம். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றின் விற்பனைப் பிரிவுத் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை இதைச் சோதித்தது. நன்றாக விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. அவர்கள் மேனேஜர் ஆன பிறகு அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை இறங்கியது. மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேனேஜராகவும் நன்றாக அமைந்தார்கள்.

நன்றாகச் செய்பவருக்குக் கொடுக்க மேனேஜர் நாற்காலியைத் தவிர வேறு பரிசு இல்லாத நிறுவனம், ஒரே நாளில் ஒரு நல்ல கைகாரரை இழந்து ஒரு சுமாரான மேனேஜரைப் பெறுகிறது. சில தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்களை நிர்வகிக்காமலே சம்பளத்திலும் தகுதியிலும் உயர இன்னொரு பாதை வைத்திருக்கிறார்கள். உங்கள் இடத்தில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மேனேஜர் பதவியை ஏற்கும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள். இன்னொருவர் தட்டுத் தடுமாறி ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா? எனக்குத் தெரிந்து பலருக்கு அது இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அது வேறு வேலை, அவ்வளவுதான்.

பதவி வந்த பிறகும் பழைய வேலையைக் கட்டிக்கொண்டு அழுவது

"குடுங்க, நானே முடிச்சிடறேன். உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிற நேரத்துல முடிஞ்சிடும்." புது மேனேஜர் வாயிலிருந்து அதிகம் வரும் வாக்கியம் இது. அன்றைக்குப் பார்த்தால் சரியான கணக்கு. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் டீமில் யாருக்கும் அந்த வேலை தெரியாது, மேனேஜர் இரவு பத்து மணிக்கும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார், ஆட்கள் சரியில்லை என்று புலம்பவும் செய்வார்.

மேனேஜர் என்று ஒருவர் தேவையா என்ற சந்தேகம் பொறியாளர்கள் நிறைந்த கூகுளிலேயே இருந்தது. அதனால் 'பிராஜெக்ட் ஆக்சிஜன்' என்ற பெயரில் தங்கள் ஊழியர் தரவுகளையே தோண்டிப் பார்த்தார்கள். மேனேஜர் முக்கியம்தான் என்று தெரிந்தது. நல்ல மேனேஜரிடம் இருக்கும் எட்டுப் பழக்கங்களை வரிசைப்படுத்தியபோது, டீம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ப்பது முதலில் வந்தது. மேனேஜரின் சொந்தத் தொழில்நுட்பத் திறமை எட்டாவதாக, கடைசியில். அது வேண்டாம் என்று பொருள் இல்லை, பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது.

கெட்ட செய்திக்குக் கதவைச் சாத்துவது

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் மிக மோசமானதாக நினைக்கிறேன். காரணம், செய்கிறவருக்குச் செய்வதே தெரியாது.

2007-இல் ஐஃபோன் வந்தபோது கைப்பேசிச் சந்தை நோக்கியாவின் கையில் இருந்தது. 2014-இல் அந்தக் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டிடம் போய்ச் சேர்ந்தது. இடையில் உள்ளே என்ன நடந்தது என்று டிமோ வூரி, குய் ஹூய் ஆகிய இரு ஆய்வாளர்கள் நோக்கியாவின் மேலாளர்கள், பொறியாளர்கள் உட்பட 76 பேரிடம் பேட்டி எடுத்து 2016-இல் வெளியிட்டார்கள். நோக்கியா கைப்பேசிகளை இயக்கிய சிம்பியன் மென்பொருள் போட்டிக்கு ஈடுகொடுக்காது என்பது நடுமட்ட மேலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. மேலிடத்தின் கோபத்துக்குப் பயந்து அதை மழுப்பினார்கள். மேலிடமோ முதலீட்டாளர்களுக்கும் போட்டியாளர்களுக்கும் பயந்து, இன்னும் சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்று நெருக்கியது. கீழிருந்து வந்த நம்பிக்கையான பதில்களை வைத்தே அடுத்த திட்டத்தையும் போட்டது. ஆள் பலம், பணம், அறிவு எதற்கும் அங்கே குறையில்லை. தெரிந்த செய்தி தெரிய வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

மேலாண்மை ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர் எதிராக வந்தது. நல்ல குழுக்களில்தான் பிழைப் பதிவுகள் அதிகம். பிறகுதான் விளங்கியது, அவர்கள் பிழையை மறைக்காமல் சொல்கிறார்கள். உங்கள் டீமில் ஆறு மாதமாக ஒரு கெட்ட செய்தியும் வரவில்லை என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம்.

செய்தி வருவதும் நிற்பதும் மீட்டிங்கில் பேசும் ஓரிரு வாக்கியங்களில் இருக்கிறது. "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்ல சார், எல்லாம் ஓகே" என்றுதான் பதில் வரும். கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரப்பிய முறை இதைவிட நன்றாக வேலை செய்கிறது. திட்டம் தோற்றுப்போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு பேசச் சொல்வது அது. "டிசம்பர்ல இது படுத்துடுச்சுன்னு வச்சுக்குவோம். எதனால படுத்திருக்கும்? ஆளுக்கு ஒரு காரணம் எழுதுங்க." குறை சொல்பவராகத் தெரியாமல் குறையைச் சொல்ல இடம் கிடைக்கிறது. பிறகு, யாராவது துணிந்து ஒன்றைச் சொல்லும்போது "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேள்வி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அறையில் இருக்கும் மற்ற ஏழு பேரும் அடுத்த முறை வாய் திறக்கக் கூடாது என்று அந்த நொடியில் முடிவு செய்துவிடுவார்கள்.

வேலை போன பிறகு ஆட்களைத் தேடுவது

1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். 54 பேர் ரொம்பக் குறைவு என்று தோன்றலாம். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. சிறு திருத்தம்: முகமே மறந்துபோனவரைவிட, ஓரளவு பழக்கம் உள்ளவரால்தான் அதிகப் பயன்.

மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, வேலை போன மறுநாள் "எப்படி இருக்கீங்க அண்ணே, ஒரு சின்ன உதவி" என்று மெசேஜ் அனுப்புவது கேட்பவருக்கும் சங்கடம், அனுப்புபவருக்கும் சங்கடம். பழைய அலுவலக நண்பர் துறையைப் பற்றி எழுதியதைப் படித்தால் இரண்டு வரி பதில் போடுங்கள். அவ்வளவு போதும்.

புதியவர்களின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுவது

இப்போது எல்லா இடத்திலும் நடப்பதால் இதையும் சொல்ல வேண்டும். முதல் வரைவு எழுதுவது, தரவைச் சுத்தம் செய்வது, சின்னப் பிழைகளைத் திருத்துவது எல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலையாக இருந்தன. ஏஐ அவற்றை நிமிடத்தில் செய்கிறது என்பதால் புதியவர்களை எடுப்பதையே நிறுத்தலாம் என்று சில தலைவர்கள் கணக்குப் போடுகிறார்கள். இன்றைய சீனியர்கள் அந்தச் சலிப்பான வேலையில்தான் தொழிலைக் கற்றார்கள். எது சரியாக இருக்காது என்று பார்த்தவுடன் உறுத்தும் கண் அதில்தான் வந்தது. பத்து ஆண்டு கழித்து ஏஐ தரும் வரைவில் தவறு கண்டுபிடிக்க யார் இருப்பார்கள்?

ஆள் எடுக்கும் முடிவு உங்கள் கையில் இல்லாவிட்டாலும் இதில் ஒன்று செய்யலாம். ஏஐ தந்த வரைவு நேராக உங்கள் மேசைக்கு வர வேண்டாம். முதலில் டீமில் இளையவரிடம் போகட்டும். அதில் நம்ப முடியாத மூன்று இடங்களைக் குறித்து, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அவர் குறிப்பதெல்லாம் எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும். நீங்கள் குறித்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி, "இவங்க இந்த விதியை ஒத்துக்கவே மாட்டாங்களே, இது எப்படி இங்க வந்துச்சு?" என்று அவராக வந்து கேட்கும் நாளில், உங்கள் வேலையில் ஒரு பகுதியை அவரிடம் கொடுக்கத் தொடங்கலாம்.