லண்டன் ரயிலா, பாரிஸ் ரயிலா: சரியாக ஒப்பிடுவது எப்படி?

"பிரான்ஸில் அரசாங்கம் நடத்துகிறது, அதனால் ரயில் நன்றாக ஓடுகிறது. பிரிட்டனில் தனியாரிடம் கொடுத்தார்கள், கெட்டுப்போனது." பாரிஸில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அத்தான் இதைத்தான் சொல்வார். லா ஷப்பல் பக்கம் வீடு, கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். நான் லண்டன் புறநகர் ஸ்டேஷன் ஒன்றில் பல வருடம் டிக்கெட் கவுன்டரில் இருந்தவன். அத்தான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுமையாக ஒப்பிட வேண்டும். நான் ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ரயில்வேயை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் யாருடையது? பெட்டிகள் யாருடையவை? வண்டியை ஓட்டுவது யார்? கட்டணத்தைத் தீர்மானிப்பதும் நட்டத்தைத் தாங்குவதும் யார்? இந்த நான்குக்கும் தனித்தனியே பதில் எழுதினால்தான் "அரசு", "தனியார்" என்ற பேச்சுக்கு அர்த்தம் வரும்.

பிரிட்டனில் எழுதிப் பாருங்கள். 1948இல் ரயில்கள் அரசுடைமையாயின. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் துண்டுதுண்டாக்கியது. தண்டவாளம் ரெயில்ட்ராக் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. அது நொடித்துப்போக, 2002இல் லாப நோக்கமில்லாத நெட்வொர்க் ரெயில் என்ற நிறுவனம் ஏற்றது. 2014 முதல் அது அரசுத் துறையின் கணக்கில்தான் இருக்கிறது. ஆக, "தனியார் ரயில்" என்று நாம் திட்டிய காலத்தில் பெரும்பகுதி, தண்டவாளம் லாபம் பார்க்கும் தனியாரிடம் இல்லை. பெட்டிகளோ ஏஞ்சல், போர்ட்டர்புரூக், எவர்ஷோல்ட் போன்ற நிறுவனங்களின் சொத்து. வண்டி ஓட்டும் கம்பெனி அவற்றை வாடகைக்கு எடுக்கிறது. அந்தக் கம்பெனி அரசின் ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் கைமாறினால் எங்கள் சட்டையின் நிறமும் பெயர்ப்பட்டையும் மாறும். அதே கவுன்டர், அதே பயணிகள், அதே சீசன் டிக்கெட். அந்த சீசன் டிக்கெட்டின் விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பு வைப்பது அரசாங்கம்! பயணிகள் மட்டும் கவுன்டரில் நின்று கம்பெனியைத் திட்டுவார்கள்.

இப்போது ஓட்டும் வேலையும் அரசிடம் திரும்பி வருகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் முன்பே எடுத்துக்கொண்டன. 2024இல் வந்த சட்டத்தின் கீழ் முதலில் மாறியது சவுத் வெஸ்டர்ன் ரெயில்வே, 2025 மே 25 அன்று. பெட்டிகளின் வாடகை மட்டும் பழையபடி தனியாருக்கே போகிறது. இதைக் குறித்து வையுங்கள், பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

பிரான்ஸில் விடை கொஞ்சம் எளிது. 1938இல் தொடங்கிய பிரெஞ்சு ரயில்வே நிறுவனம் எஸ்.என்.சி.எஃப். தண்டவாளத்தையும் வண்டியையும் சேர்த்தே வைத்திருந்தது. 1997இல் தண்டவாளத்தைப் பிரித்தார்கள், 2015இல் திரும்ப ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2020 முதல் அது பங்கு நிறுவனம், பங்கெல்லாம் அரசிடம். ஆனால் வண்டி ஓட்டுவதில் தனியுரிமை போய்விட்டது. பாரிஸ்–லியோன் வழியில் 2021 டிசம்பர் முதல் இத்தாலியின் ட்ரெனிடாலியா ஓடுகிறது. மார்செய்–நீஸ் பிராந்திய ரயிலை 2025 கோடையிலிருந்து திரான்ஸ்தேவ் என்ற வேறு கம்பெனி நடத்துகிறது.

இரண்டு நாடும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் கிடக்கின்றன. லண்டனுக்குத் தெற்கே ரயில் ஓட்டிய கோவியா என்ற நிறுவனத்தில் 35 சதவீதம் கியோலிஸ் என்ற கம்பெனியுடையது; அந்தக் கியோலிஸில் பெரும்பங்கு எஸ்.என்.சி.எஃப். கையில். லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே ஓடும் யூரோஸ்டாரில் பிரிட்டன் அரசுக்கு 40 சதவீதப் பங்கு இருந்தது, 2015இல் விற்றுவிட்டார்கள். பிரெஞ்சு ரயில்வே தன் பெரும்பங்கை இன்றும் வைத்திருக்கிறது. அந்த விற்பனை எனக்கு இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை.

சரி, அடுத்தது வழியைத் தேர்ந்தெடுப்பது. பாரிஸ்–லியோனை மட்டும் எடுத்தால் பிரான்ஸ் வென்றுவிடும். 1981இல் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் முதலில் ஓடிய வழி அது. சுமார் 430 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். லண்டன்–மான்செஸ்டர் 300 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பாரிஸிலிருந்து கிளெர்மோன்–ஃபெரானைப் பாருங்கள். தூரம் கிட்டத்தட்ட லியோன் அளவுதான், பயணம் மூன்றரை மணி நேரம். இரண்டுமே ஒரே அரசு ரயில்வே! ஒன்றுக்கு அதிவேகப் பாதை போட்டார்கள், மற்றதற்குப் போடவில்லை. வேகத்தைத் தருவது பாதை, அந்தப் பாதைக்குக் கொட்டிய பணம். பிரிட்டன் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதை முதல் லண்டன் வரை அப்படி ஒன்று போட்டது, 2007இல் முடிந்தது. பர்மிங்ஹாம் பாதை இன்னும் கட்டப்படுகிறது, அதன் மான்செஸ்டர் பகுதியை 2023இல் ரத்து செய்தார்கள்.

அதனால் மூன்று வகை வழி எடுங்கள்: பெருநகரம் இரண்டுக்கு நடுவே ஒன்று, தலைநகரைத் தொடாத குறுக்கு வழி ஒன்று, சிற்றூர் ஒன்று. குறுக்கு வழியில் பிரான்ஸின் பலவீனம் தெரியும். பாதைகளெல்லாம் பாரிஸை நோக்கியே போகின்றன. லியோனிலிருந்து போர்தோவுக்கு நடு மலைப்பகுதி வழியாக நேரடி ரயில் கிடையாது. சிற்றூரில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று எண்ணுங்கள். பிரிட்டனில் பல சின்ன ஸ்டேஷன்களில் மணிக்கு ஒன்றாவது நிற்கும். பிரான்ஸில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவில் பஸ் என்ற ஊர்கள் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு 320 கிலோமீட்டர் வேகத்தைவிட இந்த எண்ணிக்கை பெரிது என்பது என் அபிப்பிராயம்.

கட்டணத்தைப் பார்க்கும்போது ஒரே நாளின் விலையை நம்பாதீர்கள். அதே வழிக்கு நாளைக்கு, மூன்று வாரம் கழித்து, இரண்டு மாதம் கழித்து என்று மூன்று விலை எடுங்கள். இரண்டு நாட்டிலும் முன்கூட்டி எடுத்தால் மலிவு. வித்தியாசம் கடைசி நேரத்தில் தெரியும். பிரிட்டனில் எந்த வண்டியிலும் ஏறலாம் என்ற டிக்கெட் எப்போதும் கிடைக்கும். ஆனால் காலை பீக் நேரத்தில் லண்டன்–மான்செஸ்டர் ஒருவழிக்கே 150 பவுண்டைத் தாண்டும். டி.ஜி.வி.யில் இருக்கை பதிவு கட்டாயம், இடம் முடிந்தால் முடிந்ததுதான். எனக்கு பிரிட்டன் சுதந்திரம் பிடிக்கும், அதன் விலை பிடிக்காது. கழிவு கார்டுகளையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பிரிட்டன் ரெயில்கார்டு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும், பிரான்ஸின் அவாந்தாஜ் கார்டு 30 சதவீதம். அவாந்தாஜ் எல்லா நாளும் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது, நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், டிக்கெட்டில் அச்சாகாத விலை ஒன்று இருக்கிறது. பிரான்ஸின் பிராந்திய ரயிலில் பயணி கொடுப்பது செலவில் ஒரு சிறு பகுதி, மீதியைப் பிராந்திய அரசு கொடுக்கிறது. எஸ்.என்.சி.எஃப். சுமந்திருந்த கடனில் 3,500 கோடி யூரோவை அரசு ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் பல வருடம் இருந்த கொள்கை, வரி கட்டுகிறவரின் சுமையைக் குறைத்துப் பயணியின் சுமையைக் கூட்டுவது. இதை மறைத்துவிட்டு டிக்கெட் விலையை மட்டும் வைத்து "அங்கே மலிவு" என்றால் அது ஒப்பீடு ஆகாது. அக்காவும் அத்தானும் வரியில் கொடுப்பதை நான் கவுன்டரில் கொடுக்கிறேன். எது நியாயம் என்று கேட்டால், நான் வரியின் பக்கம். நெரிசலில் நின்றுகொண்டு போகும் துப்புரவுத் தொழிலாளியிடம் முழுச் செலவையும் கேட்பது சரியில்லை.

இனி வருவது, எல்லோரும் தவறவிடும் பகுதி: பராமரிப்பு. 2000 அக்டோபரில் லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் நொறுங்கி வண்டி தடம் புரண்டது, நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தண்டவாளத்தில் விரிசல் இருந்தது முன்பே தெரிந்திருந்தது. மாற்றவில்லை. அன்று தண்டவாளம் தனியாரிடம், பராமரிப்பு அவர்களின் ஒப்பந்தக்காரரிடம். தனியார்மயத்துக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சி கிடையாது என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் 2013 ஜூலையில் பாரிஸுக்குத் தெற்கே பிரெத்தினியில் தண்டவாளங்களை இணைக்கும் இரும்புத் துண்டு கழன்று ஏழு பேர் இறந்தார்கள். அங்கே எல்லாமே அரசிடம்தான் இருந்தது. 2022இல் நீதிமன்றம் எஸ்.என்.சி.எஃப்.பைக் குற்றவாளி என்றது. அதிவேகப் பாதைகள் பெருகிய வருடங்களில் பழைய பாதைகள் பின்தள்ளப்பட்டன. ஆகவே எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும், பழைய பாதையைப் புதுப்பிக்க இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று தேடுங்கள். அரசு உரிமை வேண்டும் என்பது என் நிலை. அந்தப் பணம் தவறாமல் வந்தால்தான் அந்த உரிமை பயணிக்கு உதவும்.

தாமதம் பற்றி இரண்டு வரி போதும். பிரிட்டனில் பெரும்பாலான வண்டிகளில் 15 நிமிடத்திலிருந்தே பணம் கேட்கலாம், ஒரு மணி நேரம் தாண்டினால் ஒருவழிக் கட்டணம் முழுதும். டி.ஜி.வி.யில் 30 நிமிடத்தில் 25 சதவீதம் தொடங்குகிறது, மூன்று மணி நேரத்துக்கு மேல் 75. வேலைநிறுத்தம் பிரான்ஸில் அடிக்கடி வரும். ஆனால் யார் வேலைக்கு வரமாட்டார் என்று 48 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் மாற்று அட்டவணை முந்திய நாளே வந்துவிடும்.

இப்போது பிரிட்டன் தண்டவாளத்தையும் வண்டியையும் கிரேட் பிரிட்டிஷ் ரெயில்வேஸ் என்ற ஒரே அமைப்பில் சேர்க்கப் போகிறது. பிரான்ஸ் போட்டிக்குக் கதவைத் திறந்துகொண்டிருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் ஒப்பிட இது நல்ல நேரம். நீங்கள் தேர்ந்த மூன்று வழிகளுக்கும் விலை, வண்டி எண்ணிக்கை, பயண நேரம் மூன்றையும் இன்றைய தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே வழிகளை, அதே கிழமையில், அதே நேரத்துக்குத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.