ரிமோட்டை எடுத்த பிறகு படம் தேடாதீர்கள்

விடுமுறையில் குடும்பத்தோடு படம் பார்க்கும் திட்டம் பெரும்பாலும் படம் ஓடத் தொடங்கும் முன்பே கெட்டுவிடுகிறது. எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் என்ன பார்ப்பது என்ற பேச்சே ஆரம்பிக்கும். ஒருவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு பட்டியலை மேலும் கீழும் உருட்டுவார். நாலு டிரெய்லர் ஓடும். "இது பார்த்தாச்சு", "இது அழுகைப் படம்", "எதையாவது போடுப்பா" என்று ஆளுக்கொரு குரல் வரும். கடைசியில் யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாரும் எதிர்க்காத ஒன்று ஓடும். அதற்குள் சின்னவன் தூங்கியிருப்பான்.

பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எல்லாருக்கும் பிடித்த படம் என்று ஒன்றைத் தேடவும் வேண்டாம். எட்டு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒருசேரப் பிடிப்பது அபூர்வம். முறை வைத்துக்கொள்வதுதான் சண்டையில்லாத வழி. இன்றைக்குப் பாட்டி சொல்வது, நாளைக்குப் பத்தாம் வகுப்புப் பையன் சொல்வது. ஒரே நிபந்தனை, முதல் அரை மணி நேரமாவது மற்றவர்கள் குறை சொல்லாமல் உட்கார வேண்டும். பிள்ளைகளின் முறை வரும்போது மட்டும் பெரியவர்கள் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினால், நம் முறையில் அவர்களும் அதையேதான் செய்வார்கள்.

அடுத்த தவறு, 'நாம் சின்ன வயதில் பார்த்ததுதானே' என்ற நம்பிக்கை. நமக்கு ஞாபகம் இருப்பது சிரிப்பும் பாட்டும்தான். நடுவில் வரும் வெட்டுக்குத்தோ, பெரியவர்கள் முன்னால் நெளிய வைக்கும் காட்சியோ மறந்துபோயிருக்கும். தணிக்கைச் சான்றிதழும் பழைய படங்களுக்கு அவ்வளவாக உதவாது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 என்ற பிரிவே அமெரிக்காவில் 1984-இல்தான் வந்தது. அதற்கு முன்னால், அதைவிட மென்மையான எச்சரிக்கையான பிஜி வாங்கிய சில படங்கள் சின்னக் குழந்தைகளை நன்றாகவே பயமுறுத்தும். இந்தியாவிலும், பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்னும் யுஏ என்ற ஒரே பிரிவு 2024-இல்தான் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்தது. வெறும் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஓடிடியில் அதன் பக்கத்தில் வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணம் போட்டிருந்தால் அதையும் படியுங்கள். சந்தேகம் இருந்தால் யாராவது ஒருவர் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடலாம். அதையும் மீறி ஏதாவது வந்துவிட்டதா? பதறியடித்து ரிமோட்டைத் தேடாதீர்கள். சும்மா விட்டிருந்தால் கவனிக்காமல் போயிருக்கும் குழந்தையும் அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கும்.

பேசுவது கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் அலறியடித்துக் குறைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பாட்டியின் காதைக் குறை சொல்லாதீர்கள். பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று அமைக்கப்படுகிறது; அப்படி ஒன்று இல்லாத டிவி, எல்லாவற்றையும் தன் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் கலந்து தரும்போது வசனம் அமுங்கலாம். படத்தின் ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில், பெரிய சத்தத்தை அடக்கும் நைட் மோட், அல்லது வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். சப்டைட்டிலும் ஓடட்டும், தெரிந்த மொழியாக இருந்தாலும்.

படமும் இப்படித்தான். பெரும்பாலான திரைப்படங்கள் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள் வீதம் எடுக்கப்படுகின்றன. டிவி இடையிடையே தானாகப் பிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும்போது பெரிய படமும் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். இதை அணையுங்கள் என்று நடிகர் டாம் குரூஸே 2018-இல் வீடியோ போட்டார். மோஷன் ஸ்மூத்திங் என்றோ வேறு பெயரிலோ பிக்சர் செட்டிங்கில் இருக்கும். படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது என்று ஜூம் செய்வது வேறு ஒரு கெட்ட பழக்கம். 2.39:1 என்ற அகலமான அளவில் எடுத்த படத்தை, வழக்கமான டிவியின் 16:9 திரை முழுக்க நிரப்பினால் பக்கவாட்டில் மொத்தமாகக் கால்வாசி வெட்டுப்படும். ஓரத்தில் நிற்பவர் பேசுவார், ஆள் தெரியமாட்டார்.

வெளியூரில் தங்கும்போது அங்குள்ள வைஃபையை நம்பிப் போகாதீர்கள். கிளம்பும் முன்பே படத்தை இறக்கி வையுங்கள். இறக்கிய படத்துக்கும் கெடு உண்டு. சிலவற்றை ஒருமுறை ஓடவிட்டால் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். வேறு நாடு என்றால் பட்டியலே மாறிப்போகலாம். அறையில் உள்ள டிவியில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால், பெட்டி கட்டும்போதே லாக் அவுட் செய்துவிடுங்கள்.

மூன்று மணி நேரப் படத்தை இரவு பத்து மணிக்குத் தொடங்குவதில் அர்த்தமில்லை. இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஏற்கெனவே பார்த்தவர் "இப்போ பாரு, இப்போ பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவரைப் பின்வரிசைக்கு அனுப்புங்கள்.

அப்புறம், ஆட்டோபிளேயை முன்பே அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பெயர்கள் ஓடும்போதே அடுத்த டிரெய்லர் பாய்ந்து வந்து, வில்லன் செய்தது சரியா தப்பா என்று சூடுபிடிக்கும் பேச்சைக் கெடுத்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகளிடம் "இந்தப் படத்திலிருந்து என்ன கத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மறுநாள் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.