லீட் கிற்றார்: வீட்டில் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பொடியன்கள் கிற்றாரோடு வந்து உட்காருவார்கள். போன கிழமை புதிதாக வந்த தம்பி ஒருவன் ஏ மைனர் பென்டடோனிக் ஸ்கேலை (ஐந்து சுர வரிசை) 5ஆம் ஃபிரெட்டில் (கிற்றார் கழுத்தில் குறுக்கே இருக்கும் கட்டு) மேலும் கீழுமாக ஓட்டிக் காட்டினான். விரல் சுத்தமாக இருந்தது, வேகமும் இருந்தது. "சரி, நான் கோர்ட் பிடிக்கிறன், அதுக்கு மேல வாசி" என்றேன். கோர்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். நாலாவது பாரில் (தாளச் சுற்றில்) நிறுத்திவிட்டான்.

"அண்ணா, எந்த இடத்தில நிக்கிறது எண்டு தெரியேல்ல."

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. அதனால்தான் லீட் (கோர்டுக்கு மேல் ஒவ்வொரு சுரமாக மெட்டு வாசிப்பது) பழகுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். சுதி சேர்க்காமல் வாசிப்பது போன்ற பிழைகளைக் காதே திருத்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோர்ட் இல்லாமல் ஸ்கேல் பழகுவது

இரண்டு வருடம் இப்படித்தான் பழகினேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) மட்டும் போட்டுக்கொண்டு. பிறகு ஒரு கலியாண வீட்டு மேடையில் எனக்கு எட்டு பார் கிடைத்தது. வாசித்த சுரமெல்லாம் ஸ்கேலுக்குள்தான் இருந்தது, ஆனால் ஒன்றுகூடப் பாட்டோடு ஒட்டவில்லை. இறங்கி வந்ததும் கீபோர்ட் வாசித்த அண்ணர், "நீ எங்களைக் கேக்கவே இல்லையே" என்றார். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

விஷயம் இதுதான். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நாலு கோர்ட் ஓடுகிறது என்று வையுங்கள். சி என்ற சுரம் முதல் மூன்று கோர்டிலும் இருக்கிறது. ஜி கோர்டில் இருப்பவை ஜி, பி, டி. அங்கே வந்தும் சி-யையே நீட்டிப் பிடித்தால் அது பி-யோடு உரசும். கடந்து போகலாம், தங்கக் கூடாது. மூன்றாம் தந்தியில் சி 5ஆம் ஃபிரெட், டி 7ஆம் ஃபிரெட். கோர்ட் மாறும் அந்த நொடியில் இரண்டு ஃபிரெட் ஏறினால் பாட்டே திரும்புவது போலக் கேட்கும்.

ஆகவே அந்த நாலு கோர்டையும் ஒவ்வொன்றும் ஒரு பாராக நீங்களே வாசித்து ஃபோனில் ஐந்து நிமிடம் பதியுங்கள். அதன் மேல் ஒரு கிழமைக்கு சி, டி என்ற இந்த இரண்டு சுரம் மட்டும். தாளத்தை மாற்றலாம், விட்டுப் பிடிக்கலாம், மூன்றாவது சுரம் வேண்டாம். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள், ஜி வருவதற்கு முன்பே அவன் விரல் நகரத் தயாராக இருந்தது.

இடைவெளி விடாமல் வாசிப்பது

வாயால் பாடிப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் விரலும் நிற்க வேண்டும்.

தந்தியை அரைகுறையாக வளைப்பது

மூன்றாம் தந்தி 7ஆம் ஃபிரெட்டை ஒரு முழுச் சுரம் வளைத்தால் 9ஆம் ஃபிரெட்டின் சத்தம் வர வேண்டும். முதலில் 9ஐ மீட்டிக் காதில் வாங்குங்கள், அப்புறம் வளையுங்கள். பெரும்பாலானோர் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறார்கள், அது சுதி விலகிய பாட்டுப் போலக் கேட்கும். ஒரு விரலால் தள்ளாமல் பின்னால் இன்னும் இரண்டு விரலை முட்டுக் கொடுங்கள்.

வேகம்

மெதுவாக வாசித்தது தெளிவாகக் கேட்ட பிறகு.

தந்தியைத் துடைக்காமல் வைப்பது

நம்முடைய ஊர் உப்புக்காற்றில் இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பையில் போட்டு மூடுங்கள்.