களை எது, பகை எது: தோட்டத்தில் அவசரக் கை செய்யும் தவறுகள்

செம்பருத்தியின் இளங்கிளைகளில் பஞ்சை அப்பினாற்போல மாவுப்பூச்சி அடித்திருந்தது. பழைய டூத்பிரஷ் ஒன்றையும் ஒரு குவளை சோப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நாலு நாள் காலையில் உட்கார்ந்து தேய்த்தேன். பெரிதாக இருந்தவற்றுக்குத்தான் முதல் மரியாதை. அவைதான் தாய்ப்பூச்சிகள் என்று எனக்கு நினைப்பு. ஐந்தாம் நாள் அப்படி ஒன்று பிரஷ்ஷுக்குத் தப்பித் தண்டில் விறுவிறுவென்று ஏறி ஓடியது. மாவுப்பூச்சிக்கு அந்த வேகம் ஏது? பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தால், அது ஒரு மாவுப்பூச்சியைக் கவ்வித் தின்றுகொண்டிருந்தது. நாலு நாளாக நான் தேடித்தேடி நசுக்கியது, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுக்களை.

அந்தப் பொறிவண்டின் பெயர் கிரிப்டோலேமஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1890-களில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் மாவுப்பூச்சியை ஒடுக்குவதற்கென்றே அதைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்றும் பல நாடுகளில் வளர்த்து விற்கிறார்கள். அதன் புழு, தான் தின்னும் பூச்சியைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகிழை போர்த்திக்கொண்டு திரியும். வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் மறக்காது. புழுவின் இழைகள் நீளமாக, வாராத தலைபோல் கலைந்து கிடக்கும். நன்றாக வளர்ந்தது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மாவுப்பூச்சி நாலைந்து மில்லிமீட்டரோடு நின்றுவிடும். குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஓடினால் அது நம் ஆள்.

வீட்டுத் தோட்டத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கண் பார்த்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிடுகிறது.

பார்த்தவுடன் மருந்து

சாதாரணப் பொறிவண்டின் புழுவுக்கும் இதே கதி. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டைக் கையில் ஏற்றி விளையாடுகிறவர்கள், அதன் புழுவைக் கண்டால் செருப்பைத் தேடுகிறார்கள். கறுத்து நீண்டு, முதுகில் ஆரஞ்சுப் பொட்டுகளோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி மொய்க்கும் செடியில் இந்த முதலை தென்பட்டால் பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரி.

அசுவினியிடம் மருந்து காலை வாரிவிடுவதற்குக் காரணம் உண்டு. பெருகும் காலத்தில் பெண் அசுவினிக்கு ஆண் துணையே தேவையில்லை; முட்டைகூட இடாமல் நேராகக் குட்டி போடும். வெப்பமான நாட்களில் அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானே தாயாகிவிடும். பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்று கடந்து வர மூன்று நாலு வாரம் ஆகும். எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் இரண்டும் சாகும். முதலில் திரும்பி வருவது அசுவினி. முன்பைவிட அதிகமாக வந்திருக்கிறதே என்று மறுபடியும் மருந்தைக் கலக்குகிறோம்.

அதற்குப் பதில் இலையின் அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சினாலே போதும். உதிர்ந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. கூடவே எறும்பைக் கவனிக்க வேண்டும். எறும்பு சாரைசாரையாகச் செடியில் ஏறுவது இலையைத் தின்ன அல்ல. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக. அந்த இனிப்பு கிடைக்கும்வரை பொறிவண்டை விரட்டிக் காவலும் காக்கும். சுவரையும் பக்கத்துச் செடியையும் தொடும் கிளைகளை வெட்டிவிட்டு, அடித்தண்டில் ஒட்டும் பட்டை ஒன்றைச் சுற்றினால் காவல் போய்விடும். மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே, எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது இன்னொரு நினைப்பு. உச்சிவெயிலில் அடித்தால் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து இலையைக் கருக்கிவிடும். பூவில் இருக்கும் தேனீயின் மேல் பட்டால் அதற்கும் கெடுதல்தான். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் பொழுது சாய்ந்த பிறகு மற்ற இலைகளுக்கு.

ஓட்டை விழுந்த இலை

எலுமிச்சைத் தளிரில் பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பதுபோல் ஒன்று இருக்கும். கழுவிவிடலாம் என்று போனால் அது நகரும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. பறவைகள் தின்னாமல் ஒதுக்கிவிட்டுப் போவதற்காக அந்த வேஷம். தோலுரித்துத் தோலுரித்துக் கடைசியில் பச்சையாகிவிடும். அப்போது முதுகை விரலால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோல் பிளந்த கொம்பு ஒன்றை வெளியே நீட்டும். ஒரு நெடியும் வரும். கடிக்காது, கொட்டாது.

பத்துப் பதினைந்து இலையே உள்ள கன்றென்றால் புழுவை எடுத்து வேறொரு பெரிய எலுமிச்சைக்கு மாற்றுங்கள். ஆளுயரச் செடிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வண்ணத்துப்பூச்சி வேண்டும், இலை மட்டும் ஓட்டையாகக் கூடாது என்றால் நடக்காது. தேன் பூக்களை வரிசையாக நட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சி தங்கவே மாட்டேன் என்கிறதே என்பவர்கள் மறப்பது இதைத்தான்: முட்டையிடவும் ஒரு செடி வேண்டும். வெந்தய வரியன் முட்டையிடத் தேடுவது எருக்கையும் அதன் உறவுச் செடிகளையும். அவை இல்லாத இடத்தில் எத்தனை பூ இருந்தாலும் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பூச்செடி வாங்குவதிலும் ஒன்று. அடுக்குச் செம்பருத்தி கண்ணுக்கு அழகு. ஆனால் அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழாக மாறியிருக்கும். தேனீக்கு அங்கே கிடைப்பது குறைவு. ஒற்றை அடுக்குச் செடி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

கோரையைப் பிடுங்குவது

களைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பது பெரிய தவறு. விதையால் மட்டும் பரவும் களையைப் பூ காயாவதற்குள் பிடுங்கினால் வேலை முடிந்தது. கோரையிடம் அது செல்லாது.

கோரையைப் பிடித்து இழுத்தால் ‘பட்’டென்று கழுத்தில் அறுந்து புல் மட்டும் கையோடு வரும். வென்றுவிட்டதாகத் தோன்றும். ஒரு முறை நிதானமாகச் சுற்றிலும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: கம்பி போன்ற மெல்லிய வேர்த்தண்டில் கோத்த மணிகளாகக் கிழங்குகள், ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. சங்கிலி முழுதாக இருக்கும்வரை முன்னால் முளைத்த கிழங்கு மற்றவற்றைத் தூங்கவைத்திருக்கும். சங்கிலி அறுந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். மண்வெட்டியால் கொத்திப் புரட்டுகிறவர் கோரையை அழிக்கவில்லை, நாற்று நடுகிறார். கறுப்புப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாலும் ஊசிமுனைக் குருத்து அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

செய்ய வேண்டியது சலிப்பான வேலை. மண் ஈரமாக இருக்கும்போது குறுகிய கொத்து ஒன்றைச் செங்குத்தாக இறக்கிக் கிழங்கோடு எடுக்க வேண்டும்; பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஐந்தாறு இலை விடுவதற்குள் எடுத்துவிட்டால் புதுக் கிழங்கு கட்டியிருக்காது. வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன கிழங்கும் ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் தன் கையிருப்பைக் கரைத்துக்கொள்கிறது. கோரைக்குப் பிடிக்காதது நிழல். சர்க்கரைவள்ளி, பூசணி மாதிரி அடர்ந்து படரும் கொடியை அந்த இடத்தில் விட்டால் பாதி வேலையை அது செய்யும். ஒரு பருவத்தில் முடிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பருப்புக்கீரை வேறு ரகம். பாத்தியில் களையாக முளைத்தது சுலபமாக வேரோடு வந்துவிடும். பிடுங்கியவர் அங்கேயே ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார். சதைப்பற்றான தண்டில் இருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டே அது விதையை முற்றவைக்கும். மழை பெய்தால் ஒடிந்த துண்டுகூட வேர்விடும். பிடுங்கிய கையோடு பாத்தியைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும்.

எங்கே கொண்டுபோவது? உரக்குழியில் போடலாம் என்பார்கள். களை விதை சாவதற்கு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் சூடு நிற்க வேண்டும். வீட்டு மூலையில் சிறுகச் சிறுகச் சேரும் குப்பை அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். பூக்காத களை உரமாகட்டும். காய்த்ததை உரத்தில் சேர்க்க வேண்டாம். கோரைக் கிழங்கைச் சிமெண்ட் தரையில் பரப்பி, இரண்டு வாரம் நல்ல வெயிலில் சுருங்கக் காயவையுங்கள்.

இன்னொரு பழக்கம், ஒவ்வொரு நடவுக்கும் பாத்தி முழுவதையும் ஆழக் கிளறுவது. மண்ணுக்குள் தூங்கும் களை விதைகளில் பலவற்றுக்கு விழித்துக்கொள்ளக் கொஞ்சம் வெளிச்சம் பட்டால் போதும். கிளறும்போது அந்த வெளிச்சத்தை நாமே காட்டுகிறோம். எவ்வளவு காலம் தூங்கும்? வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் 20 பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்துவைத்தார். 2021-இல் அவற்றில் ஒன்றை எடுத்து விதைத்தபோது வெர்பாஸ்கம் என்ற களை முளைத்தது. புதைத்து 140 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே தேவையான குழியை மட்டும் தோண்டி, மற்ற இடத்தை மூடாக்குப் போட்டு இருட்டாக வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காய்ந்த இலை ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனம் போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். தரை முழுவதையும் மூடவும் வேண்டாம். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் துளையிட்டுத் தனியாக வாழ்பவை. வெயில்படும் ஒரு முழம் வெறுந்தரையை அவற்றுக்கு விடுங்கள்.

களைமேல் உப்பைத் தூவலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. களை சாகும், உண்மை. உப்பு எங்கே போகும்? மண்ணிலேயே தங்கி, அடுத்து நடுவதன் வேருக்கும் தண்ணீர் கிடைக்காமல் செய்யும். களிமண்ணாக இருந்தால் இறுகியும் போகும். வினிகர் இலையைத்தான் கருக்கும், கிழங்கைத் தொடாது.

காசு கொடுத்து வாங்கும் களையும் உண்டு. மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படரும் வெடேலியா, நிறம் மாறும் பூங்கொத்துள்ள உண்ணிச்செடி இரண்டுமே அழகுச்செடியாகத் தோட்டங்களுக்குள் வந்தவை. இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. “தண்ணீர்கூட வேண்டாம், வெட்டிப் போட்டாலும் வளரும்” என்று ஒரு செடியைப் புகழ்ந்தால் நான் இப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வாங்கும் எந்தத் தொட்டியானாலும் மண்ணில் கோரைக் குருத்து இருக்கிறதா என்று இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பாத்திப் பக்கம் கொண்டுபோகலாம்.

தண்ணீர், வலை, முட்டை

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், வாடிய செடியெல்லாம் தாகத்தில் வாடியதல்ல. வேர் அழுகினாலும் இலை அதே மாதிரிதான் தொங்கும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள். மதியம் துவண்டு மாலையில் நிமிர்வது இயல்பு. பறவைகளுக்கு வைக்கும் தட்டில் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுவுக்குத்தான் தொட்டில். தேனீ உட்கார நாலு கூழாங்கல்லையும் அதில் போடுங்கள்.

பழங்களைக் காக்கப் பெரிய கண்ணுள்ள வலையைத் தொளதொளவென்று போர்த்துவது கொடுமையான தவறு. பறவை, வௌவால், பாம்பு எல்லாம் அதில் சிக்கி, விடுபட முண்டும்தோறும் இறுகிச் சாகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், முழுதாக இழுத்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. விரல் உள்ளே போனால் கண் பெரிது என்று வைத்துக்கொள்ளலாம். சட்டகத்தில் இழுத்துக் கட்டுங்கள்.

மண்ணைக் கொத்தும்போது வெள்ளையாக, சிறிய நீள்உருண்டையாக, தோல்போல மெத்தென்ற முட்டைகள் ஒரு குவியலாகக் கிடைத்தால் அது ஓணான் இட்டதாக இருக்கலாம். கையில் எடுத்து உருட்டிப் பார்க்காதீர்கள். ஊர்வனவற்றின் முட்டையில் கரு மேல்பக்கத்து ஓட்டோடு ஒட்டி வளரும். கோழி முட்டைபோல் புரட்டினால் செத்துவிடக்கூடும். வந்த வழியே மண்ணை மூடிவிடுவதுதான் நல்லது. அங்கேதான் தோண்டியாக வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலே பார்த்தபடியே ஓரமாக அதே ஆழத்தில் வைத்து மண் தள்ளுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியையும் நட்டுவையுங்கள், மறுநாள் கொத்து அங்கே விழாமல் இருக்க.