அலியா, டைசனா? பழைய சாம்பியன்களை மோதவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? ராக்கி மார்சியானோ இன்றைய ஹெவிவெயிட்களிடம் தாக்குப்பிடிப்பாரா? குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்விகள் வராமல் இருக்காது. பெரும்பாலும் பேச்சு சீக்கிரமே கத்தலாக மாறிவிடுகிறது. இரண்டு தரப்பும் இரண்டு வெவ்வேறு சண்டைகளை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் காரணம். யார், எந்த ஆண்டில், எந்த விதிகளில், என்ன எடையில் என்று முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால், மிச்சமிருப்பது உண்மையான குத்துச்சண்டைப் பேச்சு.

ஆண்டைச் சொல்லாமல் தொடங்குவது

இதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். "அலி" என்று ஒரே ஒரு ஆள் இல்லை. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலி, கால்களால் சண்டையிட்டவர். எதிராளி குத்தும்போது அவர் அங்கே இருக்கவே மாட்டார். ராணுவத்தில் சேர மறுத்ததால் 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை மூன்றரை ஆண்டு ரிங்கை விட்டு விலகியிருந்தார். திரும்பி வந்தவரிடம் அந்தக் கால்கள் இல்லை. 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் அடிகளை வாங்கி, எட்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்தியவர் மூளையாலும் தாங்கும் சக்தியாலும் ஜெயித்த இன்னொரு அலி. 1980 தொடக்கத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அப்போது அவருக்கு வயது 38. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

டைசனுக்கும் இதே கதைதான். 1986 நவம்பரில் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை வீழ்த்தியதிலிருந்து, 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தது வரை உள்ளவர் ஒருவர். பயிற்சியாளர் கெவின் ரூனியைப் பிரிந்த பிறகு, 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றவர் வேறொருவர். 2002-ல் லெனாக்ஸ் லூயிஸிடம் விழுந்தவரை வைத்து "டைசன் பெரிய ஆட்களிடம் தாங்க மாட்டார்" என்று வாதிடுவது நியாயமே இல்லை.

அதற்காக ஒரே ஒரு சிறந்த இரவைப் பிடித்துக்கொள்வதும் தவறு. வில்லியம்ஸ் சண்டையை அலியின் உச்சம் என்பார்கள். ஆனால் வில்லியம்ஸ் 1964-ல் போலீஸ் துப்பாக்கியால் சுடப்பட்டு, ஒரு சிறுநீரகத்தை இழந்து திரும்பி வந்தவர். அந்த இரவில் அலி அத்தனை அழகாகத் தெரிந்ததில் எதிரில் நின்றவரின் நிலைக்கும் பங்குண்டு. எனவே ஒரு நாளைக் குறிக்காமல், இரண்டு ஆண்டு காலத்தைக் குறியுங்கள்: "அலி, 1965 முதல் 1967 வரை", "டைசன், 1986 இறுதி முதல் 1988 வரை". அந்தக் காலத்தின் எல்லாச் சண்டைகளையும், மந்தமானவற்றையும் சேர்த்தே, சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளை மறந்துவிடுவது

பலர் இதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஆனால் ரவுண்டு எண்ணிக்கை மட்டுமே வரலாற்றை எப்படி மாற்றியிருக்கும் என்று பாருங்கள்.

1941 ஜூன் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து வந்த பில்லி கான், ஏறக்குறைய 30 பவுண்டு கூடுதலாக இருந்த ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஜோ லூயிஸை எதிர்த்து நின்றார். 12 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்களின் மதிப்பெண் அட்டையில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமம். 13-வது ரவுண்டில், மணியடிக்க இரண்டு விநாடி இருக்கும்போது லூயிஸ் அவரை நாக்அவுட் செய்தார். 1952-ல் மார்சியானோ பட்டம் வென்றதும் 13-வது ரவுண்டில்தான். அதுவரை மூன்று அட்டையிலும் ஜெர்சி ஜோ வால்காட்டே முன்னிலை. 1981-ல் ஷுகர் ரே லெனார்ட் டாமி ஹெர்ன்ஸை நிறுத்தியது 14-வது ரவுண்டில்; அங்கும் லெனார்ட் பின்தங்கியே இருந்தார்.

1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகு உலக குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளை 12 ரவுண்டாகக் குறைத்தது. 1980களின் இறுதிக்குள் மற்ற அமைப்புகளும் பின்தொடர்ந்தன. இன்றைய விதியில் கான் உலகச் சாம்பியன்; மார்சியானோவின் தோல்வியே இல்லாத 49-0 பதிவு அங்கேயே உடைந்திருக்கும். ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய சண்டையை 12-வது ரவுண்டில் வெட்டி முடிவு சொல்லிவிட முடியாது. 12 ரவுண்டுதான் என்று தெரிந்திருந்தால் லூயிஸ் முன்னதாகவே நெருக்கியிருப்பார். 15 ரவுண்டுக்குப் பழகியவர் மூச்சைப் பங்கிடும் விதமே வேறு.

ஜாக் டெம்ப்சியைப் பற்றிப் பேசும்போது நியூட்ரல் கார்னர் விதியை (வீழ்த்தியவர் நடுநிலை மூலைக்குப் போன பிறகே எண்ணிக்கை தொடங்கும் என்பதை) கட்டாயம் பேச வேண்டும். 1919-ல் டோலிடோவில் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வில்லார்ட் எழும்போதெல்லாம் டெம்ப்சி அருகிலேயே நின்று, முட்டி தரையை விட்டு எழுந்ததும் அடித்தார். அன்று அதற்குத் தடையில்லை. 1927-ல் சிகாகோவில் ஜீன் டன்னியை வீழ்த்தியபோது விதி மாறியிருந்தது. டெம்ப்சி மூலைக்குப் போகத் தாமதித்ததால் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது, டன்னிக்குச் சுமார் 14 விநாடி கிடைத்தது, எழுந்து ஜெயித்தார். டெம்ப்சியின் பலத்தில் ஒரு பகுதி அந்தக் காலத்து விதியின் பலம்.

கையுறையையும் பாருங்கள். டெம்ப்சி காலத்தில் 5, 6 அவுன்ஸ் சாதாரணம். இன்று வெல்டர்வெயிட் வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. ரத்தக் காயத்துக்காகச் சண்டையை நிறுத்துவதும் இன்று எளிது. 1954-ல் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் இரண்டாவது முறை மோதியபோது மார்சியானோவின் மூக்கு பிளந்துவிட்டது. இன்றைய ரிங் மருத்துவர் எட்டாவது ரவுண்டு வரை விட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

இவையெல்லாம் எவ்வளவு முக்கியம் என்று வீரர்களுக்கே தெரியும். 1987-ல் மார்வின் ஹாக்லரோடு மோதும் முன் லெனார்ட் தரப்பு பேரம் பேசி வாங்கியவை மூன்று: 15-க்குப் பதில் 12 ரவுண்டு, 20 அடி ரிங், 10 அவுன்ஸ் கையுறை. பிளவு முடிவில் (மூன்று நடுவர்களில் இருவர் தீர்ப்பில்) லெனார்ட் ஜெயித்தார். கற்பனைச் சண்டைக்கும் ரவுண்டு, கையுறை, ரிங் அளவு, கட்டிப்பிடித்தலை ரெஃப்ரி எவ்வளவு அனுமதிப்பார் என்ற நான்கையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

எடையைத் தவறாகப் படிப்பது

மார்சியானோ சாம்பியனாக இருந்தபோது எடை 184 முதல் 189 பவுண்டு. ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட் பிரிவின் உச்சவரம்பு இன்று 200. அதாவது இன்று அவர் ஹெவிவெயிட்டே அல்ல. டைசனை வீழ்த்திய இரவில் லெனாக்ஸ் லூயிஸ் 249 பவுண்டு. இதை வைத்து "அளவுதான் எல்லாம்" என்பவர்களுக்கு 187 பவுண்டு டெம்ப்சி 245 பவுண்டு வில்லார்டை உடைத்ததைக் காட்டுவார்கள். ஆனால் வில்லார்டுக்கு அப்போது 37 வயது, மூன்று ஆண்டாகப் பட்டத்தைக் காக்கச் சண்டை போடாதவர். இரண்டு தரப்பும் கேட்க வேண்டிய கேள்வி: பெரியவரின் அளவு எங்கே வேலை செய்யும்?

இரண்டு இடங்களில். ஒன்று, ஜாப் (முன்னால் நீட்டிய கையால் போடும் நேர்குத்து) தூரம். மார்சியானோவின் கை வீச்சு 67, 68 அங்குலம்தான், லெனாக்ஸ் லூயிஸுக்கு 84. ஒவ்வொரு முறை உள்ளே போகவும் ஒரு நேர்குத்தைத் தாண்டியாக வேண்டும். இரண்டு, கட்டிப்பிடிக்கும்போது. 60 பவுண்டு கூடுதலான ஆள் கழுத்தின் மேல் சாய்ந்தால், கீழே இருப்பவரின் தொடைகள் ஐந்தாறு ரவுண்டில் தளர்ந்துவிடும். ஒலெக்சாண்டர் உசிக் 2024-ல் டைசன் ஃப்யூரியை வென்றது இந்த இரண்டையும் கால் வேகத்தால் தவிர்த்து. ஆனால் உசிக் ஆறே கால் அடி உயரக்காரர், இடதுகைக்காரர். அந்தச் சாட்சியை அப்படியே மார்சியானோவுக்கு மாற்ற முடியாது.

சிறிய எடைகளில் சிக்கல் தலைகீழ். முன்பு எடை பார்த்தது சண்டையன்றே. இப்போது முந்தைய நாள். 2000-ல் ஆர்ட்டூரோ கட்டி, ஜோயி கமாச்சியுடன் மோதியபோது முந்தைய நாள் 141 பவுண்டு, சண்டையன்று சுமார் 160. 1970களின் ராபர்ட்டோ டுரானை இன்றைய லைட்வெயிட்டோடு மோதவிட்டு, எடை எப்போது பார்ப்பது என்று சொல்லாவிட்டால், பெயரளவில் 135 என்ற ஒரே பிரிவில் மெய்யாக இரண்டு பிரிவினரை நிறுத்துகிறீர்கள்.

"அ, ஆ-வை வென்றார், ஆ, இ-யை வென்றார்" கணக்கு

இதற்கு 1970களின் ஹெவிவெயிட்களைவிட நல்ல மறுப்பு கிடையாது. 1971-ல் ஜோ ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். அதே ஆண்டு மார்ச்சில் கென் நார்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் ஃபோர்மன் நார்டனையும் இரண்டு ரவுண்டில் முடித்தார். கணக்குப்படி ஃபோர்மன் அலியைத் தூள் செய்திருக்க வேண்டும். நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஏன் இப்படி? ஃப்ரேசியர் குனிந்து நேராக உள்ளே வருபவர். ஃபோர்மனின் அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே போகும் குத்துக்கு) அது தானாக வந்து கொடுத்த தலை. மேலும் ஃபோர்மன் எதிராளியின் தோள்களைக் கையால் தள்ளி, தனக்கு வேண்டிய தூரத்தை அமைத்துக்கொள்வார். நார்டன் பின்வாங்கினால் நேராகப் பின்னால் போவார். வலுவாகக் குத்துபவரிடம் அது ஆபத்து. ஆனால் அலியிடம் நார்டன் கைகளைக் குறுக்கே வைத்துத் தடுக்கும் முறையும், அலி ஜாப் போடும் அதே நொடியில் தானும் ஜாப் போடும் பழக்கமும் அற்புதமாக வேலை செய்தன. பாணியோடு பாணி பொருந்துவதைத்தான் பார்க்க வேண்டும், பெயரோடு பெயரை அல்ல.

"டைசனும் ஃப்ரேசியர் மாதிரிதானே, அலி திணறுவார்" என்ற வாதமும் இதே ரகம். ஃப்ரேசியர் மெதுவாகத் தொடங்கி, ரவுண்டு ஏற ஏறச் சூடாகிறவர். ஆயுதம் பெரும்பாலும் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து). டைசன் முதல் நான்கு ரவுண்டில் எரிமலை, இரண்டு கையிலும் தொடர்குத்து. ஆனால் கட்டிப்பிடித்தால் விடுவித்துக்கொள்ளாமல் ரெஃப்ரிக்காகக் காத்திருப்பார். 1987-ல் போன்கிரஷர் ஸ்மித் அப்படித்தான் 12 ரவுண்டும் தப்பித்தார். 1974-ல் ஃப்ரேசியருடனான இரண்டாவது சண்டையில் அலி கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தே பல ரவுண்டுகளைக் கடத்தினார். எனவே டைசனுக்கு வாய்ப்பு முதல் நான்கு ரவுண்டில். அதற்குப் பின் ஒவ்வொரு ரவுண்டும் அலி பக்கம் சாயும். கட்டிப்பிடித்தலைக் கண்டிக்கும் ரெஃப்ரி இருந்தால் மட்டும் இந்தக் கணிப்பு ஆடும்.

வெற்றி-தோல்வி எண்ணை வெறுமனே நீட்டுவது

49-0 அழகான எண். ஆனால் மார்சியானோ வென்றபோது ஜோ லூயிஸுக்கு 37 வயது, வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூருக்குக் குறைந்தது 38. மறுபக்கம், ஷுகர் ரே ராபின்சனின் 19 தோல்விகளைக் காட்டி அவரைக் குறைத்துப் பேசுவார்கள். அதில் 1951 ஜூலைக்கு முன் வந்தது 1943-ல் ஜேக் லமோட்டாவிடம் பெற்ற ஒன்றே ஒன்று. நீங்கள் குறித்த தேதியில் பதிவை வெட்டிவிட்டு எண்ணுங்கள். சண்டை கிடைக்காதவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்: நிறவெறியால் ஹாரி வில்ஸுக்கு டெம்ப்சியோடு மோதும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அது வில்ஸின் பதிவில் ஒரு வெற்றிடம், டெம்ப்சியின் பதிவிலும் ஒரு வெற்றிடம்.

படம் பார்த்து ஏமாறுவது

மௌனப்படக் காலத்துச் சண்டைகள் விநாடிக்குச் சுமார் 16 ஃப்ரேம் (படச்சட்டம்) வீதம் கையால் சுழற்றி எடுக்கப்பட்டவை. அதை 24 வேகத்தில் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். வீரர்கள் பொம்மைபோலத் துள்ளுவார்கள், "இவர்களுக்குச் சண்டையே தெரியாது" என்ற முடிவுக்கு வருவோம். சோதிக்க எளிய வழி: கடிகாரம் வைத்து ஒரு முழு ரவுண்டை அளவிடுங்கள். 3 நிமிட ரவுண்டு 2 நிமிடத்தில் முடிந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆளான ஹாரி கிரெப்பின் ஒரு சண்டைகூடப் படமாக மிஞ்சவில்லை. அவரைப் பற்றி உறுதியாகப் பாணி பேசுகிறவரிடம் எச்சரிக்கை தேவை. நாக்அவுட் தொகுப்புகளைப் பார்த்து வாதிடுவது அதைவிட மோசம். தவறவிட்ட குத்துகள் அதில் இருக்காது.

கணினி முடிவை ஆதாரமாக்குவதும் வேண்டாம். 1967-ல் வானொலிக்காக நடத்திய கணினிப் போட்டியில் அலி ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக வந்து, அலி வழக்கே போட்டார். 1969-ல் அலியையும் மார்சியானோவையும் நேரில் நிறுத்திப் படம் பிடித்தபோது, அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்த முடிவும் ஐரோப்பாவில் அலி ஜெயித்த முடிவும் காட்டப்பட்டன.

இத்தனையும் கவனித்தால் நல்ல மோதல்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். மார்சியானோவை லெனாக்ஸ் லூயிஸோடு நிறுத்துவதைவிட, 1986-ன் இவாண்டர் ஹோலிஃபீல்டோடு நிறுத்துங்கள். அப்போது குரூஸர்வெயிட் வரம்பு 190 பவுண்டு, பட்டப் போட்டி 15 ரவுண்டு, இருவருக்கும் பொருந்தும். சாட்சியும் இருக்கிறது: அந்த ஜூலையில் அட்லாண்டாவில், மார்சியானோவைவிடக் குள்ளமான, விடாமல் உள்ளே வந்து குத்தும் டுவைட் முகமது காவியோடு ஹோலிஃபீல்ட் 15 ரவுண்டும் நின்று பிளவு முடிவில் ஜெயித்தார். தொழில்முறையில் அவருக்கு அது 12-வது சண்டைதான். காவியிடம் மார்சியானோவின் வலது கை இல்லை. மார்சியானோவிடம் காவி தலையை நகர்த்தும் நுணுக்கம் இல்லை. முதல் பத்து ரவுண்டு ஹோலிஃபீல்ட் பக்கம் என்றே படுகிறது. கடைசி ஐந்தில் அந்த வலது கையை அவர் எத்தனை முறை வாங்குவார் என்பதைப் பொறுத்தது மீதி.