'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' படத்தைப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி?

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 2008-இல் வந்த இந்தப் படம் வேண்டாம், முடிவு அவ்வளவு கொடுமை. முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். அப்புறம் பிள்ளைகளோடு உட்காரும்போது, நாஜி முகாம் தளபதியின் வீட்டில் யூதச் சிறுவன் ஷ்முவேல் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்கும் காட்சியில் நிறுத்துங்கள்: தளபதியின் மகன் புரூனோ, தானே அவனுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, அதிகாரி அதட்டியதும் அவனை முன்பின் தெரியாது என்றுவிடுகிறான். ஏன் அப்படிச் சொன்னான் என்று கேளுங்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிரே இந்த இடம்தான்.

கதை கற்பனை என்பதையும் சொல்லிவிடுங்கள். படத்தில் இருவரும் முகாம் வேலியருகே உட்கார்ந்து பேசுகிறார்கள்; உண்மையில் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸின் வேலியில் மின்சாரம் பாய்ந்தது, அங்கே கொண்டுவரப்பட்ட சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் வந்தவுடனேயே கொல்லப்பட்டார்கள். படம் முடிந்ததும் தூங்க அனுப்பாதீர்கள், கேள்விகள் வரும்.